முதலில் நீளும் கை

தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் உரிமம் எடுக்கப் போகிறவர் கையில் முதலுதவிச் சான்றிதழ் இருக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து, கட்டுப்போடவும் மயங்கியவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் கற்றுக்கொண்டுதான் அந்தக் காகிதத்தை வாங்க முடியும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் இப்படி ஒரு நிபந்தனை வைத்தது: 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பொறுப்பாக முதலுதவி பயின்ற ஒருவர். கொதிக்கும் சாம்பாரும், மின்சாரமும், மாத்திரை டப்பாவும், தவழும் குழந்தையும், எண்பது வயதுத் தாத்தாவும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு மட்டும் அப்படி எதுவும் இல்லை. வீட்டுக்குச் சட்டம் போட முடியாது, சரி. சொல்லிக்கொடுக்கக்கூட யாரும் வருவதில்லை என்பதுதான் குறை.

108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. அதன் பிறகு பிறந்த குழந்தைக்குக்கூட அந்த எண் மனப்பாடம். ஆனால் வண்டி எவ்வளவு விரைந்தாலும் வாசலுக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். மலையூரிலும் வண்டிப்பாதை இல்லாத குக்கிராமத்திலும் அது அரை மணி நேரமாகலாம். அந்த இடைவெளியில் வீட்டார் சும்மா நிற்பதில்லை. யாரோ ஒருவருடைய கை முதலில் நீளும். அம்மாவுடையதோ, பாட்டியுடையதோ, பக்கத்து வீட்டு அண்ணனுடையதோ. பதற்றத்தில் அந்தக் கை, தான் முன்பு எதைப் பார்த்திருக்கிறதோ அதைத்தான் செய்யும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தீக்காயத்தை எடுத்துக்கொள்வோம். மதுரைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். வடித்த கஞ்சி மருமகளின் முன்கையில் கொட்டிவிடுகிறது. "மாவு டப்பாவை எடு" என்கிறார் மாமியார். "அத்தை, தண்ணி ஊத்தினாப் போதும்னு சொல்றாங்க" என்று மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள். "தண்ணி பட்டாக் கொப்புளம் போட்டுரும்டி. நாங்க எத்தனை பாத்திருக்கோம்." அடுத்த நொடி புளித்த இட்லி மாவு முழங்கை வரை அப்பப்படுகிறது. அடுத்த தெருவில் இதே காயத்துக்குப் பேனா மை. அதற்கடுத்த வீட்டில் பற்பசை. இன்னொரு வீட்டில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்.

சுடுநீர் தோலை விட்டு வழிந்து போனாலும் சூடு போய்விடுவதில்லை. தோலின் அடுக்குகளுக்குள் தங்கி, மேலும் சில நிமிடங்களுக்குக் கீழே இருக்கும் திசுவை வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதை வெளியே இழுக்க வல்லது ஓடும் தண்ணீர்தான். குழாயைத் திறந்து, சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காயத்தைக் காட்ட வேண்டும். 20 நிமிடம் என்பது நின்று பார்த்தால் மிக நீண்ட நேரம். பெரும்பாலோர் இரண்டாவது நிமிடத்திலேயே கையை எடுத்துவிடுவார்கள். சுட்ட உடனே செய்வது நல்லது. முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. ஐஸ் கூடாது, அது சுருங்கிய ரத்தக் குழாய்களை இன்னும் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். வீக்கம் ஏறுவதற்குள் வளையல், மோதிரம் கழற்றப்பட வேண்டும். சதையோடு ஒட்டிய நைலான் துணியைப் பிய்க்கக் கூடாது. மாவு முதலில் சில்லென்றுதான் இருக்கும். பிறகு காய்ந்து, சூட்டை உள்ளேயே மூடிவைத்து, கிருமிக்கும் இடம் கொடுக்கும். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் அந்தப் பெண் உண்மையில் அலறுவாள். மை பூசிய காயத்திலோ மருத்துவருக்குத் தோலின் நிறமே தெரியாது. காயம் எவ்வளவு ஆழம் என்பதை அவர் அந்த நிறத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தீபாவளி நெருங்கும்போது தனி ஏற்பாடுகளோடு காத்திருக்கும். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை மிதித்த குழந்தைகள் அங்கே வராத தீபாவளி இல்லை. எரிந்த கம்பியைப் போட ஒரு வாளித் தண்ணீரை வாசலில் வைத்திருந்தால் அந்தக் காயத்தில் பாதி நடந்திருக்காது. மீதிக்கு முதல் மருந்தும் அதே வாளியில் இருந்திருக்கும்.

சாப்பாட்டுத் தட்டின் முன் நடப்பது வேறு வகை. புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்வது நம் வீடுகளின் பழக்கம். அன்பான பழக்கம்தான். இருமுகிறவர் தானாகவே சரியாகிவிடுவதால் தலையில் தட்டியதுதான் காப்பாற்றியது என்று தலைமுறைகளாக நம்பி வந்திருக்கிறோம். இருமல் வருகிறது என்றால் காற்று போய்வருகிறது என்று பொருள். அவரை இருமவிட வேண்டும். பயப்பட வேண்டியது சத்தமே வராதபோதுதான்: முகம் சிவந்து, பிறகு கருத்து, கை தொண்டையைப் பிடிக்க, பேச்சு வராமல் கண்கள் பிதுங்கும். அப்போது உச்சந்தலையில் தட்டுவதால் ஒன்றும் ஆகாது. ஆளை முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கி அடிக்க வேண்டும். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கைமுட்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை இழுக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் 1974-இல் எழுதி உலகுக்குச் சொன்ன முறை இது. கர்ப்பிணிக்கு வயிற்றில் செய்யக் கூடாது, நெஞ்சில்.

ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு இதை அப்படியே செய்துவிடக் கூடாது. குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஐந்து அடி; பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். நம் வீட்டுக் குழந்தைகளின் தொண்டைக்குள் போவது நிலக்கடலை, சப்போட்டா விதை, புளியங்கொட்டை, வெடித்த பலூனின் துண்டு. இப்போது கூடுதலாக, பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரி. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரிக்கத் தொடங்கிவிடும். காசை விழுங்கியது போல, "காலையில வெளிய போயிரும்" என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிற விஷயம் அல்ல அது.

பாம்புக்கடியின் கதை தனி. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டது ஒரு பெரிய ஆய்வு. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தார். ஆனால் பாம்பு விஷத்தை முறிக்கும் மருந்துக்கான நஞ்சு எடுக்கப்படுவது நம் ஊரில்தான். மாமல்லபுரம் போகும் சாலையில், வடநெம்மேலியில், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் உருவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் நச்சுமுறி மருந்துத் தயாரிப்புக்கான நஞ்சின் பெரும்பகுதியை அளித்து வந்திருக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்து. அரசு மருத்துவமனையில் காசு இல்லாமல் போடுவார்கள்.

மருந்து இருந்தும் ஆள் போய்ச் சேருவதற்குள் நேரம் போய்விடுகிறது. கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். பிளேடால் கீறுவார்கள். மிளகாயோ வேப்பிலையோ தின்னக் கொடுத்து, காரமோ கசப்போ தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்று முடிவு கட்டுவார்கள். இந்தச் சோதனையில் எத்தனையோ மணித்துளிகள் வீணாகின்றன. விஷமில்லாத பாம்பு கடித்தவரும், விஷப்பாம்பே கடித்தும் விஷம் இறங்காதவரும் இதில் பிழைப்பதால் பச்சிலைக்கும் மந்திரிப்புக்கும் பெயர் வந்துவிடுகிறது. இறுக்கிக் கட்டிய கட்டு விஷத்தைத் தடுக்காமல், விரியன் கடித்த காலில் ரத்த ஓட்டத்தை நிறுத்திக் காலையே இழக்கவைக்கும். ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் அதை வீட்டில் சட்டென்று அவிழ்க்காமல் மருத்துவர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும்.

கட்டுவிரியன் இன்னும் நயவஞ்சகமானது. இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது என்பார், இமை திறக்க வரவில்லை என்பார். "ராத்திரி சாப்பாடு ஒத்துக்கலை" என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும். தரையில் படுத்தவர் காலையில் இமை சரிந்து எழுந்தால் பாம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செய்ய வேண்டியதோ மிகக் கொஞ்சம். கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றுவது. எலும்பு முறிந்த காலைப் போலக் குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுவது. நடக்கவிடாமல் தூக்கிப் போவது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்வது. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. அடிக்கப் போனவரும் கடிபட்ட கதைகள் உண்டு. ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று ஒரு கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்தே மருத்துவரால் விரியன் விஷத்தைக் கண்டுபிடித்துவிட முடியும். தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. இனிமேலாவது எந்த ஊரில் எத்தனை பேர் என்ற கணக்கு சரியாகக் கிடைக்கும்.

சாலையிலும் இதே நல்ல மனசு, இதே தவறான கை. விபத்தில் விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடியதும் வரும் முதல் குரல், "தண்ணி குடுங்கப்பா." சோடா வாங்க ஒருவர் ஓடுவார். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். அவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கித் திணிக்கும்போது, முறிந்த கழுத்தெலும்பு தண்டுவடத்தை நசுக்கலாம். வழியும் ரத்தத்தின் மேல் ஒரு சுத்தமான துண்டை வைத்து, ஆம்புலன்ஸ் வரும் வரை கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தாலே பெரிய உதவி. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் இப்படித்தான். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும்; பெருமை இரும்புக்குப் போகிறது. வாயில் எதையும் வைக்காமல், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது கொடுத்து, நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று ஒதுங்கி நின்றவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. அதற்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களுக்கு வலுவளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு வராது என்கிறது. பெயர் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. இந்த மூன்றையும் தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் போதும், மற்றவர்களின் கால் முன்னால் நகரும்.

இனி நெஞ்சு. இங்கே இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வியர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, ஆனால் ஆள் பேசுகிறார் என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். "கேஸ்தான், சோடா குடிச்சா ஏப்பம் விட்டுரும்" என்று ஓமத்திரவம் தேடும் ஒரு மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அவரைச் சாய்ந்து உட்காரவைத்து, மாடிப்படி இறங்கவிடாமல், தானே பைக் ஓட்டிப் போகவிடாமல் வண்டி வரவழைக்க வேண்டும். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடிகிறது. இரண்டாவது நிலைமை: ஆள் சரிந்துவிட்டார், கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை; அல்லது மீன் வாய் திறப்பதுபோல எப்போதாவது ஒரு இழுப்பு. இதயம் நின்றுவிட்டது. இங்கே காத்திருக்க நேரமே இல்லை. நெஞ்சை அழுத்தத் தொடங்காவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

இந்த நிலைமையில் ஒரு நாடு என்ன செய்ய முடியும் என்பதற்கு டென்மார்க் நல்ல சாட்சி. 2005-இல் அங்கே பள்ளிகளில் இதய மீட்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமத்துக்கும். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், அருகில் இருந்த சாதாரண ஆளே நெஞ்சை அழுத்தத் தொடங்கியது 2001-இல் 21 சதவீதம் பேருக்கு. 2010-இல் அது 45 சதவீதமானது. அதே காலத்தில், முப்பது நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5-லிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள். மூன்று மடங்கு. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அணித்தலைவர் சிமோன் கியார் ஓடிவந்து உதவினார், மருத்துவக் குழு நெஞ்சை அழுத்தியது, மின்னதிர்வு கொடுத்தது. மூன்று ஆண்டு கழித்து, 2024 யூரோ கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக எரிக்சன் கோல் அடித்தார்.

இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது என்பது பயிற்சி வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே தெரியும். தரையில் ஒரு ரப்பர் உடல் கிடக்கும். நார்வேயில் பொம்மை செய்துவந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960-இல் உருவாக்கிய பொம்மையின் வழிவந்தது அது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு அம்மா அதன் அருகே மண்டியிடுவார். ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்று, முழங்கை மடங்கக் கூடாது, தோள் நேர் மேலே. முதல் பத்து அழுத்தமும் மாவு பிசைகிற அளவுக்குக்கூட இறங்காது. "வலிக்குமேன்னு பயமா இருக்கு தம்பி" என்பார். "இன்னும் கீழ அழுத்துங்கம்மா, அஞ்சு சென்டிமீட்டர் இறங்கணும்" என்பார் பயிற்றுநர். உடம்பின் எடையை இறக்கியதும் பொம்மைக்குள் 'டக்' என்று சத்தம் கேட்கும். அப்போதுதான் அவர் முகம் மாறும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் இரண்டு நிமிடம் தாண்டுவதற்குள் நெற்றியில் வியர்வை அரும்பிவிடும். அடுத்தவர் மாற வேண்டும். விலா எலும்பு முறிந்தால் என்ன செய்வது என்று எல்லா வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். முறியலாம், எலும்பு கூடிவிடும். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள், வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குபவர்களுக்காக நெஞ்சை மட்டும் அழுத்தும் முறையைப் பரப்பி வருகிறார்கள். கிணற்றில், குளத்தில் மூழ்கியவருக்கோ மூச்சும் ஊதியே ஆக வேண்டும்.

பள்ளிகளில் இளம் செஞ்சிலுவைச் சங்கமும் சாரண இயக்கமும் இருக்கின்றன. அங்கே கற்ற பிள்ளைகள் பலர் வீட்டில் சொல்லிப் பார்த்திருப்பார்கள். ஆனால் அவசரத்தில் நம் குடும்பங்களில் முடிவெடுப்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அல்ல. மாமியார், அப்பத்தா, ஊரில் கைராசி என்று பெயரெடுத்த பெரியம்மா. மஞ்சள் வை என்று அவர் சொன்னால் மஞ்சள்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த காலத்தில் அந்த வீட்டின் மருத்துவரும் செவிலியரும் அவரே. வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுத்து எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியவர். அது இன்றைக்கும் சரியான வைத்தியம். பயிற்சி முதலில் அவரிடம் போக வேண்டும். அவர் நம்பி ஏற்றுக்கொண்டால், வீடு முழுக்கக் கற்றுக்கொண்டது போலத்தான்.

அதற்கான வழி ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை நோயாளிகளையும் ரத்த அழுத்தக்காரர்களையும் பார்க்கிறார்கள். அந்தப் பெண்கள் ஊர்க்காரர்கள். யார் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்த கையோடு, ஒரு மாதத்துக்கு ஒரு பாடம் என்று பத்து நிமிடம் கூடுதலாக உட்காரலாம்: இந்த மாதம் சுட்ட கைக்கு இருபது நிமிடக் குழாய்த் தண்ணீர், அடுத்த மாதம் மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பது, அதற்கடுத்து தலையணையில் நெஞ்சழுத்தம், நாய் கடித்த இடத்தைச் சுண்ணாம்பு பூசாமல் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குக் கிளம்புவது. மழைக்காலம் தொடங்கும் முன் பாம்புக்கடி, தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டாசு. ஒவ்வொரு முறையும் முந்தைய பாடத்தை வீட்டின் மூத்த பெண்ணே செய்து காட்ட வேண்டும் என்று கேட்கலாம். இதற்குப் புதுக் கட்டடமோ புது வண்டியோ வேண்டாம். தன்னார்வலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும், அந்தக் கூடுதல் வேலைக்கு ஒரு நியாயமான ஊதியமும், ஒன்றியத்துக்கு நாலைந்து ரப்பர் பொம்மைகளும் வேண்டும்.